நடுத்தெரு கேஸு

கொஞ்சம் நகந்து ஒக்காருங்க தம்பி. இன்னும் கொஞ்சம். ஆங், போதும். மூணு பேரு சீட்டுல ரெண்டு பேரு கால விரிச்சு ஒக்காந்துக்கிட்டு வந்தா மத்தவன் எங்க போவான்? நான் யாரையும் எந்திரின்னு சொல்றதில்ல. எனக்குப் பழக்கம் இல்ல. ஊருல நான் வந்தா அவனவனே எந்திரிச்சுருவான்.

மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். ஐகோர்ட்டுக்கு. அப்படிப் பாக்காதீக, நான் ஒண்ணும் குத்தவாளி இல்ல. என் வம்சத்துலயே கோர்ட்டுப் படி மிதிச்ச ஆளு கெடையாது. சொந்த ஊருல பேச்சு எடுபடாதவன்தான் கோர்ட்டுக்குப் போவான்னு எங்கய்யா சொல்லுவாக. எங்க வீட்டு வாசல்தான் கோர்ட்டு. எங்கய்யா துண்ட ஒதறித் தோள்ல போட்டாகன்னா தீர்ப்பு. அப்பீலு கிப்பீலு ஒண்ணும் கெடையாது. அந்த வீட்டுப் பிள்ளை இன்னைக்கு வக்கீலத் தேடி பஸ்ஸுல போகுது. காலம் அப்படி.

உங்களுக்கு எந்த ஊரு? ... சரி. அங்க எந்தத் தெரு? ... சும்மாதான் கேட்டேன். சொல்லாட்டிப் போகுது. மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா? நம்ம ஆளுதான். அதனாலதான் சொல்றேன், இல்லாட்டி வாயத் தொறப்பனா?

எங்க ஊரு ஆத்திப்பொட்டல். ஊருக்கு நடுவுல நடுத்தெரு, அதுல பெரிய வீடு எங்க வீடு. சுந்தரராசு வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளையும் காட்டும். தெருவோட மேற்கு முனையில சுடுகாடு. கெழக்க, ஊருக்கு வெளிய காலனி. காலனியில ஒருத்தன் செத்தா நடுத்தெரு வழியா தூக்கிட்டு வந்தா கூப்பிடு தூரந்தான். ஆனா அவிங்க வர மாட்டாய்ங்க. வயக்காட்டு வரப்பு வழியா சுத்தித்தான் போவாய்ங்க. வரக்கூடாதுன்னு நாங்க யாரும் சொன்னதில்ல தம்பி. நல்லாக் கேட்டுக்கங்க, யாரும் சொன்னதே இல்ல. அவிங்களுக்கே தெரியும். அது ஒரு ஒழுங்கு. ஊருன்னு ஒண்ணு இருந்தா ஒழுங்கு இருக்கணுமா இல்லையா?

அந்த ஒழுங்கக் கெடுக்க ஒருத்தி வந்தா. பூமயிலுன்னு பேரு. வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுல வேலை பாத்துட்டு ஊரு திரும்புனவ. பன்னெண்டாவது படிச்சிருக்காளாம். பன்னெண்டு படிச்சவளே இந்தப் பாடு படுத்துறாளே, இன்னும் நாலு படிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அவ அப்பன் ஐப்பசி அடைமழையில செத்தான். நல்ல மழை. தூக்கிட்டுப் போனவய்ங்க என் வயல் வரப்புல வழுக்கி விழுந்தாய்ங்க. பொணம் சேத்துக்குள்ள. என் வயலு தம்பி. நட்ட பயிரு அம்புட்டும் மிதிபட்டுப் போச்சு. நான் நஷ்டம் கேட்டனா? ஒரு வார்த்தை கேட்டனா? கேக்கல. என் பெருந்தன்மைய எவனாச்சும் பேசுவானா? பேச மாட்டான்.

நான் கொடை பிடிச்சு வரப்புல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவ முந்தானையால அப்பன் மொகத்துச் சேத்தத் தொடைச்சா. தொடைச்சுக்கிட்டே என்னை அண்ணாந்து பாத்து, "ஐயா, அடுத்த சாவு நடுத்தெரு வழியாத்தான் வரும்"னா. நான் சிரிச்சேன். பின்ன, சிரிக்காம என்ன செய்ய? சாவு வீட்டுல ஆயிரம் பேசுவாக, பதினாறு முடிஞ்சா மறந்துரும்னு விட்டுட்டேன்.

மறக்கல அவ. ஐகோர்ட்டுல கேஸு போட்டுட்டா. எனக்கு நோட்டீசு வருது. கலெக்டரு ஒண்ணாம் எதிர்மனுதாரராம், தாசில்தாரு, இன்னும் யாரு யாரோ, நான் அஞ்சாம் எதிர்மனுதாரராம். அஞ்சாவது! எங்க கோயில்ல மொத மாலை, மொத விபூதி எனக்குத்தான். அந்தக் காகிதத்துல அஞ்சாவதா நிக்கிறேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.

நாங்களும் சும்மா இருப்பமா? தெருமுனையில இரும்புக் கேட்டு ஒண்ணு அடிச்சு மாட்டுனோம். என் செலவுலதான். கோயிலுக்குச் சொந்தமான தெரு, பொதுப்பாதை இல்லன்னு போர்டும் எழுதி வச்சோம். கோர்ட்டுலயும் வக்கீல வச்சு அதத்தான் சொன்னோம். நீதிபதி என்ன சொல்லிட்டாருன்னா, இது கோயில் தெருவா, பஞ்சாயத்துத் தெருவா, பஞ்சாயத்தே தீர்மானம் போட்டு எழுதிக் குடுக்கட்டும்னுட்டாரு. நமக்கு லட்டு மாதிரி. பஞ்சாயத்துன்னா யாரு? எங்கய்யா தலைவரு, நான் ரெண்டு தடவ தலைவரு. எழுதிக் குடுத்துட்டாப் போச்சு.

அந்த நேரம் பாத்து உள்ளாட்சித் தேர்தல் வருது. எங்க பஞ்சாயத்துத் தலைவர் பதவிய அந்தச் சனத்துக்கு ஒதுக்கிட்டாக. அதுலயும் பொம்பளைக்கு. சட்டமாம். எங்கயோ ஏசி ரூமுல ஒக்காந்து ஒருத்தன் கோடு கிழிச்சா ஆத்திப்பொட்டல் ரெண்டாப் பொளக்குது. எங்கூரு கண்மாய் எந்தத் தெசையில இருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?

பூமயிலு மனு குடுத்துட்டா. ஊரே பதறுது. நான் பதறல. நான் சொன்னேன், போட்டிக்கு நம்மளும் அந்தச் சனத்துலயே ஒருத்திய நிப்பாட்டுவோம், செயிச்சதும் தீர்மானத்துல கையெழுத்து வாங்குவோம், அப்புறம் அவ பாட்டுக்கு வேலையப் பாக்கட்டும்னு. மூளைன்னா அதான். எல்லாரும் கை தட்டுனாக. யாரன்னு கேட்டாக. யாரு, நம்ம காத்தாயிதான்னேன்.

காத்தாயி எங்க தொழுவத்துல சாணி அள்ளுறவ. கல்யாணமாகி வந்த நாள்லருந்து எங்க வீட்டுலதான் வேலை. புருசன் செத்து ரொம்ப நாளாச்சு. இருக்காளா இல்லையான்னே தெரியாது, மாடு கத்தாம இருந்தா அவ இருக்கான்னு அர்த்தம். கூப்புட்டுச் சொன்னேன். "எனக்கு எதுக்குய்யா இந்த வேலை? எங்க ஆளுக காறித் துப்புவாக"ன்னா. நீ ஒண்ணும் செய்ய வேணாம், நான் சொல்ற எடத்துல கையெழுத்துப் போட்டாப் போதும்னேன். கூடையத் தூக்கிக்கிட்டு நகரப் பாத்தா. நீ குடியிருக்கிற எடம் யாரு எடம்னு கேட்டேன். மெரட்டுனேன்னு நெனைக்காதீக, ஞாபகப்படுத்துனேன், அம்புட்டுதான். "சரிய்யா"ன்னுட்டா.

ஓட்டக் கணக்குப் பாத்தா அவிங்க ஒரு பங்கு, நாங்க ரெண்டு பங்கு. தோக்குறதுக்கு வழியே இல்ல. இருந்தாலும் நம்ம பயலுகள நம்ப முடியாதுல்ல? அதனால கோயில்ல கூட்டம் போட்டு, சூடம் ஏத்தி, வீட்டுக்கு ஒரு ஆளு அடிச்சுச் சத்தியம் பண்ணுனாக. காத்தாயிக்கு பூட்டு சாவி சின்னம். பூட்டு சாவிக்குத்தான் குத்துவோம்னு அம்மன் மேல சத்தியம். மொதக் கை என் கை.

உங்களுக்கு டவுனு, உள்ளாட்சித் தேர்தல் எப்படின்னு தெரியாது. எங்க பக்கம் மிசினு கெடையாது, சீட்டுதான். ஆளுக்கு நாலு கலர்ல நாலு சீட்டு குடுப்பாக. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். மறைப்புக்குள்ள போயி ரப்பர் முத்திரைய ஒவ்வொண்ணுலயும் குத்தி மடிச்சுப் பெட்டியில போடணும். எங்க தெரு சனம் அன்னைக்கு வரிசையில நின்னுச்சு பாருங்க, தேரோட்டத்துக்குக்கூட அப்படி நின்னதில்ல. வெளிய வந்தவன் ஒவ்வொருத்தனும் மை வச்ச வெரலக் காட்டி, குத்தியாச்சுண்ணே, குத்தியாச்சு மாமான்னான். எனக்கு நெஞ்சு குளுந்துபோச்சு. கெடா வெட்டி சோறு போட்டேன்.

எண்ணிக்கை அன்னைக்கு ஒன்றியத்துப் பள்ளிக்கூடத்துல நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். ரோஸு சீட்ட விரிக்கிறாக. ஆட்டோ, ஆட்டோ, ஆட்டோன்னு வருது. ஆட்டோ அந்தப் பூமயிலு சின்னம். சரி, காலனிப் பெட்டி போலன்னு நிக்கிறேன். அடுத்த பெட்டி, எங்க தெருப் பெட்டி. விரிக்கிறாக. வெறுஞ்சீட்டு. செல்லாதுன்னு ஒதுக்குறான் ஆபீசரு. அடுத்ததும் வெறுஞ்சீட்டு. செல்லாது. செல்லாது. செல்லாது. அந்தாளு தொண்டை கட்டிப்போச்சு தம்பி. பச்சையில குத்தியிருக்காய்ங்க, மஞ்சள்ல குத்தியிருக்காய்ங்க, வெள்ளையில ஒழுங்காக் குத்தியிருக்காய்ங்க. ரோஸ மட்டும் தொடாம மடிச்சுப் போட்டிருக்காய்ங்க! அத்தனை பயலும்! சத்தியம் பண்ணுன சூடத்துக் கரி கையில இருக்கையில!

ஆபீசரு சிரிச்சான். என்னங்க உங்க ஊருல ரோஸு கலர்னா ஆகாதான்னு கேட்டான்.

ஏன்டா இப்படிப் பண்ணுனீகன்னு ஒருத்தன் ஒருத்தனாக் கேட்டேன். எல்லாப் பயலும் ஒரே பதில். ஊரே குத்துறப்ப என் ஒரு ஓட்டு எதுக்குண்ணே, போயும் போயும் காத்தாயிக்கு எங்கையால குத்தவான்னு கேக்குறான். இதுகள வச்சுக்கிட்டு ஊரக் கட்டிக் காக்கணுமாம். தூ! கழுதைக. கட்டுப்பாடுன்னா என்னன்னு தெரியாத கழுதைக. காலனிக்காரய்ங்களப் பாருங்க, கட்டுன மாதிரி ஒரே சின்னத்துல குத்துனாய்ங்க. கெழவிகளத் தூக்கிட்டு வந்துல்ல குத்த வச்சாய்ங்க!

என்ன? ... நான் குத்துனனான்னா கேக்குறீக?

தம்பி, நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க சொல்லுங்க. எங்க தொழுவத்துல சாணி அள்ளுறவளுக்கு, நான், எங்கையால, இவதான் எனக்குத் தலைவின்னு முத்திரை குத்தணும்கிறீகளா? எங்கய்யா ஒக்காந்த நாற்காலிக்கு? முத்திரைய எடுத்தேன், இல்லன்னு சொல்லல. ரோஸு சீட்டு மேல கொண்டும் போனேன். கை போகல. என் கதை வேற தம்பி. எனக்கு ஒரு நியாயம் இருக்கு. மத்த பயலுகளுக்கு என்ன நியாயம் இருக்கு?

வீட்டுல கேட்டேன், நீயாச்சும் குத்துனியாடின்னு. நீங்க குத்தியிருப்பீகன்னு நான் விட்டுட்டேன்னா. நல்ல குடும்பம்.

காத்தாயிக்கு விழுந்தது மொத்தம் பதினொரு ஓட்டு. அந்தப் பதினொண்ணு யாருன்னு இன்னைக்கு வரைக்கும் நான் தேடிக்கிட்டிருக்கேன். கெடைச்சா என்ன செய்வேன்னு கேக்காதீக, பாராட்டுறதா ஒதைக்கிறதான்னு எனக்கே தெரியல.

மறுநா விடியக்காலம் காத்தாயி எப்பவும் போல தொழுவத்துக்கு வந்தா. எனக்கு ஆத்திரம். ஒன்னால என் மானம் போச்சேடின்னு கத்துனேன். அவ சாணியக் கூடையில அள்ளிக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்காம கேட்டா: "உங்க வீட்டு ஓட்டு எம்புட்டுய்யா?"

நாலுன்னேன்.

"எங்க தெருவுல எவனும் எனக்குப் போட மாட்டான்னு தெரியும்யா. சோத்துக்காக நிக்கிறவன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாக. அந்த நாலாச்சும் விழுகும்னு நெனைச்சேன்"னா. கூடைய அப்படியே வச்சா. கையக் கழுவுனா. போயிட்டா. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு வேலைக்கு வரல. இத்தனை வருசம் எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சவ தம்பி! நன்றின்னு ஒண்ணு உலகத்துல இருக்கா? மாடு ரெண்டு நாளு பால் குடுக்கல. மாட்டுக்கு இருக்கிற விசுவாசம்...

ஆமா, அது அவளத் தேடித்தான் குடுக்கல. அது வேற விசயம்.

பூமயிலு தலைவியாயிட்டா. நாற்காலியில ஒக்காந்தா. நல்லா நிமிந்து, முதுகு சாச்சு ஒக்காந்தா. முதல் தீர்மானமே, நடுத்தெரு பஞ்சாயத்துத் தெரு, பொதுவழின்னு. கோர்ட்டுக்குப் போச்சு. தீர்ப்பு வந்துச்சு. போலீசு பாதுகாப்போட வந்து எங்க கேட்டப் பேத்துட்டாய்ங்க. தடுத்தா வன்கொடுமைச் சட்டத்துல உள்ள போகணும்னு இன்ஸ்பெக்டரு என்கிட்டயே சொல்றான். நம்ம பயலுக ஒருத்தன் வெளிய வரல. சன்னல் வழியாப் பாத்தாய்ங்க.

அதோட விட்டாளா? எங்க தெருவுக்கு புது லைட்டு போட்டா. எங்க வீட்டு முன்னாடி குடிதண்ணிக் கொழாய். பத்து வருசம் நான் தலைவரா இருந்தும் போடல... இல்ல, போட முடியாமப் போச்சு, நிதி இல்ல. இவ போட்டுட்டா. நான் கேட்டனா? அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில கொடை பிடிப்பானாம். தண்ணி நல்லாத்தான் வருது. வீட்டுல அதத்தான் பிடிக்கிறாக.

சரி, தீர்ப்பு வந்துச்சுல்ல, வாங்கடா பாப்போம்னு நாங்களும் காத்துக்கிட்டிருந்தோம். மாசக்கணக்காக் காலனியில ஒரு சாவு விழுகல தம்பி! இருமிக்கிட்டுக் கெடந்த கெழடுக எல்லாம் எந்திரிச்சு நடக்குதுக. கோர்ட்டு தெறந்துவிட்ட வழியில போக ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லன்னு நான் சொல்லிச் சிரிச்சேன்.

போன வாரம் காத்தாயி செத்துட்டா.

எங்க பண்ணையில வேலை பாத்த ஆளு செத்தா மொதச் சேதி எங்க வீட்டுக்குத்தான் வரும். சொல்ல வர்றவன் வாசலுக்கு வெளிய நின்னு சொல்லுவான். நாங்க ஒரு கோடிச் சேலை, இல்லாட்டி வேட்டி எடுத்து வாசப்படியில வைப்போம். அவன் எடுத்துக்கிட்டுப் போயி பொணத்து மேல போத்துவான். எங்க வீட்டுக் கோடி விழுகாம பொணம் எந்திரிக்காது. எங்க தாத்தா காலத்துலருந்து அப்படி. இந்தத் தடவ ஒரு பய சொல்ல வரல. கொட்டுச் சத்தம் கேட்டு, பால்காரன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி, சின்னப் புத்தி அவிங்களுக்கு, நாம மொறைய விடக்கூடாதுன்னு நானே கடைக்குப் போயி சேலை எடுத்தேன். மஞ்சக் கலரு. அவளுக்கு மஞ்சதான் பிடிக்கும். மாட்டுப்பொங்கலுக்கு எடுத்துக் குடுக்கையில மஞ்ச இருந்தா அதத்தான் தொடுவா. "யாரு கூப்புட்டா உங்கள?"ன்னு வீட்டுல கேக்குறா. பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் ஒரு கணக்கு வச்சிருந்தேன். நடுத்தெரு வழியா வரட்டும். நம்ம வீட்டு முன்னாடி நான் நிப்பேன். கோடிக்காகப் பாடைய எறக்குவாய்ங்க. எறக்குனான்னா என்ன அர்த்தம்? எங்க வீட்டு வாசல்ல, எங்க கை பட்டு, எங்க சம்மதத்துல போகுதுன்னு அர்த்தம். கோர்ட்டு பாட்டுக்குத் தீர்ப்பு எழுதட்டும், மொற எங்கிட்டதான் இருக்குன்னு ஊரு பாக்கும். சரிதானே?

வந்தாய்ங்க. கொட்டோட வந்தாய்ங்க. தெருவுல எல்லா வீட்டுக் கதவும் சாத்தியாச்சு. சூடம் அடிச்ச பய ஒருத்தன் வெளிய இல்ல. நான் மட்டும் வெள்ளை வேட்டி கட்டி, சேலைய ரெண்டு கையிலயும் ஏந்தி, தெருவுக்கு நட்டநடுவுல நிக்கிறேன். எங்க வம்சத்துல வாசப்படி எறங்கி வந்து அந்தச் சனத்துக்குக் கோடி குடுத்த ஆளு கெடையாது. நான் எறங்கி நிக்கிறேன். அத அவிங்க ஒரு பெருமையா நெனைக்க வேணாமா?

பாடை எறங்கல. நேரா என்னைப் பாத்து வருது. பூமயிலு முன்னாடி நடந்து வந்தா. பக்கத்துல வந்து, "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க, தோள் வலிக்குதுல்ல"ன்னா.

கோவமாச் சொல்லியிருந்தா நான் பாத்துக்குவேன் தம்பி. ஏளனமாச் சொல்லியிருந்தாலும் பதில் இருக்கு எங்கிட்ட. இந்தா, பஸ்ஸுல எறங்குறவ பக்கத்துச் சீட்டுக்காரன்கிட்டச் சொல்லுவால்ல, அப்படிச் சொன்னா. என் கையில இருந்த சேலையப் பாத்தாளா இல்லையான்னே தெரியல.

கோடி, இந்தா கோடின்னேன். எனக்கே என் கொரல் கேக்கல. பின்னாடி வந்த ஒருத்தன், "தலைவி போத்திட்டாக"ன்னான். அண்ணாந்து பாத்தேன். காத்தாயி மேல புதுச் சேலை. அதுவும் மஞ்சதான்.

கொட்டுக்காரன் நிறுத்தல. தூக்குனவன் நிக்கல. என் காலு தானா ஓரமாப் போயிருச்சு. நான் போகல தம்பி, காலு போச்சு. அவ மொகம் என் தலைக்கு மேல ஒசரத்துல போச்சு. ஒரு மாதிரி ஆயிப்போச்சு எனக்கு. கண்ணுல தூசின்னு வீட்டுல சொன்னேன்.

அதான் கேஸு போடப் போறேன். வக்கீலுகிட்டப் போன்ல எல்லாம் சொன்னேன். அவன் ஒரு அரைவேக்காடு. "ஐயா, உங்கள அடிச்சாகளா?"ங்கிறான். இல்ல. "கெட்ட வார்த்தையில வஞ்சாகளா?" இல்ல. "வீட்டுக்குள்ள வந்தாகளா?" இல்லய்யா. "அப்ப உங்களுக்கு என்ன பாதிப்புன்னு எழுத?"ங்கிறான். படிச்சவன் கேக்குற கேள்வியா இது? நேர்ல வாங்க, யோசிச்சுட்டு வாங்கன்னான்.

யோசிச்சுட்டேன். சாக்கடை ஓரத்துல நான் நின்னேன், நடுத்தெருவுல காத்தாயி போனா. இதுக்கு மேல என்ன பாதிப்பு வேணும்? இத அப்படியே எழுதி ஜட்ஜுகிட்டக் குடுய்யான்னு சொல்லப் போறேன்.